பச்சிளங் குழந்தையின் பாவம்: ஐந்தாம் நூற்றாண்டு மேலைத் திருச்சபையில் எழுந்த ஒரு விவாதம்

மீட்பினை மையமாகக் கொண்டது கிறிஸ்தவ சமயம். மனிதனை மீட்கும் பொருட்டு இறைவன் மனிதனானான் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. மீட்பு என்றவுடனேயே எதிலிருந்து மீட்பு என்ற வினா எழுகின்றது. பாவத்திலிருந்து என்பது விடை. ஆயின் பாவம் என்பது மனிதன் செய்யும் ஒன்றா, அன்றி அவன் பிறக்கும்போதே அவனிடத்து உள்ள ஒன்றா? முதல் நான்கு நூற்றாண்டுகளில் திருச்சபை இவ்வினாவுக்குத் திட்டவட்டமான விடை எதனையும் வகுத்திருக்கவில்லை. கிரேக்க மொழி வழங்கிய கீழைத் திருச்சபையில் நிகழ்ந்த பெரும் விவாதங்கள் கிறிஸ்து யார் என்பது பற்றியன. 325இல் நிசேயாவிற் கூடிய சங்கமும் அதனையே ஆராய்ந்தது. மனிதன் யார் என்ற வினா இலத்தீன் மொழி வழங்கிய மேலைத் திருச்சபையில், அதுவும் வட ஆபிரிக்காவிலேதான், கூர்மையடைந்தது. 411இல் தொடங்கி 431 வரை நீடித்த அவ்விவாதத்தின் தலைமாந்தர் இருவர். ஒருவர் ஹிப்போ நகர ஆயராயிருந்த அகுஸ்தீனார். மற்றவர் பிரித்தானியாவிலிருந்து வந்த பெலாஜியுஸ் என்னும் துறவி.

மெய்யியல் நூல்கள் இதனைச் சித்த சுதந்திரத்துக்கும் இறையருளுக்கும் இடையே நிகழ்ந்த போராகக் காட்டுவது வழக்கம். அது தவறன்று. ஆயினும் விவாதம் தீப்பற்றிய இடம் அதுவன்று. அன்று பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது ஏன் என்ற, பார்வைக்குச் சிறிதான ஒரு வினாவிலேயே அது பற்றிக்கொண்டது. இறுதிவரை அவ்விடத்தை விட்டு அது நகரவுமில்லை.

410 ஆகஸ்டில் அலாரிக்கின் தலைமையில் விசிகோத்தியர் உரோமாபுரியைச் சூறையாடினர். அக்கால நெருக்கடியில் உரோமைப் பிரபுக் குடும்பங்கள் பல, தமக்கு நிலபுலன்கள் இருந்த சிசிலிக்கும் வட ஆபிரிக்காவுக்கும் கப்பலேறின. அவர்களோடு அவர்தம் ஆன்மிக வழிகாட்டிகளும் வந்து சேர்ந்தனர். பெலாஜியுஸ் ஆபிரிக்காவில் நெடுநாள் தங்காது பலஸ்தீனத்துக்குச் சென்றுவிட்டார். அவருடைய சீடரும் சட்டம் பயின்றவருமான செலஸ்தியுஸ் கார்த்தேஜில் தங்கிக் குருப்பட்டம் பெற விழைந்தார். அப்பொழுது மிலான் நகரைச் சேர்ந்த பவுலீனுஸ் என்னும் தியாக்கோன் அவர்மீது குற்றப்பட்டியல் ஒன்றைச் சமர்ப்பித்தார். ஆதாம் பாவஞ் செய்திருந்தாலும் செய்யாதிருந்தாலும் இறந்தேயிருப்பான்; அவனுடைய பாவம் அவனுக்கு மட்டுமே கேடு விளைத்தது, மனித குலத்துக்கு அன்று; இன்று பிறக்குங் குழந்தை வீழ்ச்சிக்கு முன் ஆதாம் இருந்த நிலையிலேயே பிறக்கின்றது. செலஸ்தியுஸ் கற்பித்தனவாகக் கூறப்பட்டவற்றுள் இவை தலையாயவை.

411இன் இறுதியளவில் நடைபெற்ற அவ்விசாரணையில் செலஸ்தியுஸ் சாமர்த்தியமாகவே விடையிறுத்தார். பாவம் பரம்பரையாகக் கடத்தப்படுகின்றதா என்பது கற்றோரிடையே இன்னும் முடிவுபெறாத வினா என்றார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்பதைத் தாம் மறுக்கவில்லை என்றும் கூறினார். முடிவுபெறாத வினா என்று அவர் சொன்னது அன்றைய நிலையில் உண்மையே. ஆனால் அதனைச் சொல்லத்தகாத ஊரிற் சொல்லிவிட்டார். ஆபிரிக்க ஆயர்களுக்கு அவ்வினா என்றோ முடிவுபெற்றுவிட்டது. செலஸ்தியுஸ் சபை உறவினின்று விலக்கப்பட்டார். அவர் எபேசுவுக்குச் சென்று அங்கே குருவானார்.

ஆபிரிக்கத் திருச்சபைக்கு இவ்வுறுதி எங்ஙனம் வாய்த்தது என்பது ஆராயத்தக்கது. ஏறத்தாழ 200ஆம் ஆண்டளவில் அதே கார்த்தேஜில் வாழ்ந்த தெர்த்துல்லியன், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளிப்பதில் அவசரம் வேண்டாம் என்று எழுதினார். மாசறியாப் பருவம் பாவமன்னிப்புக்காக ஏன் ஓடவேண்டும் என்பது அவருடைய வாதம். அரை நூற்றாண்டு கழிந்து, 253 அளவில், கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் தலைமையிற் கூடிய அறுபத்தாறு ஆயர்கள் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தனர். யூத விருத்தசேதன முறைப்படி எட்டாம் நாள்வரை காத்திருக்க வேண்டுமா என்று ஒருவர் வினவியபோது, காத்திருக்க வேண்டியதில்லை என விடையளித்தனர். குழந்தைக்கு மன்னிக்கப்படுவது தன் பாவமன்று, பிறருடைய பாவம் என்று அதற்குக் காரணமுங் காட்டினர். இவ்வகையில் வழிபாட்டு முறை முதலில் வந்தது. கோட்பாடு அதன் பின்னால் வந்தது. பாவமன்னிப்புக்கென்றே ஏற்பட்ட சடங்கு ஒன்று, பாவஞ் செய்ய இயலாத ஒருவருக்கு அளிக்கப்பட்டு வந்தது. அச்சடங்கு பொய்யாகாதெனின் அக்குழந்தையிடம் ஏதோ ஒரு பாவம் இருந்தாக வேண்டும். அகுஸ்தீனாரின் வாதம் முழுவதற்கும் இதுவே அச்சாணி.

இவ்வாறு வாதிட்ட அகுஸ்தீனார் தாம் குழந்தையாயிருந்தபோது ஞானஸ்நானம் பெற்றவரல்லர். 354இல், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். சிறுவயதிற் கடும் நோயுற்றபோது தாயார் மோனிக்கா ஞானஸ்நானத்துக்கு ஆயத்தஞ் செய்தார். நோய் தணிந்ததும் அது ஒத்திவைக்கப்பட்டது. அக்காலத்தில் இது புதுமையன்று. ஞானஸ்நானத்தின் பின் செய்யும் பாவத்துக்கு மன்னிப்புப் பெறுவது அரிது என்ற அச்சத்தாற் பலர் அதனை இயன்றவரை தள்ளிப்போட்டனர். பேரரசன் கொன்ஸ்தந்தீன் 337இல் மரணப்படுக்கையிலேயே அதனைப் பெற்றான். அகுஸ்தீனார் 387இல், முப்பத்திரண்டாவது வயதில், மிலானில் ஆயர் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார்.

அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளின் அனுபவமே அவர்தம் பாவக் கோட்பாட்டின் மற்றொரு வேர். 397 அளவில் எழுதத் தொடங்கிய 'ஒப்புதல்கள்' என்னும் நூலில் தம் வாழ்வைக் கூர்ந்து நோக்கி அவர் கண்ட உண்மை, மனிதனுக்கு நல்லது எதுவென்று தெரியாமை அன்று. தெரிந்தும் அதனை விரும்ப இயலாமையே. பதினாறாம் வயதிற் பசியின்றியே நண்பரோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதை அவர் பக்கம் பக்கமாக ஆராய்கின்றார். பழத்துக்காகவன்றித் திருட்டுக்காகவே திருடியதன் காரணத்தை அவராற் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் பின்னோக்கிச் சென்று, பேச்சு வாராத குழந்தையொன்று, தன் செவிலியிடம் பாலுண்ணும் மற்றொரு குழந்தையைக் கண்டு முகம் வெளிறிப் பொறாமையுற்றதைத் தாம் கண்டதாகக் குறிப்பிடுகின்றார். குழந்தையின் உறுப்புக்கள் வலிமையற்றன. அதனாலேயே அது தீங்கற்றதாகத் தோன்றுகின்றது என்பது அவர் முடிபு. குழந்தைகளை இவ்வளவு நெருங்கி நின்று பார்த்த முற்காலக் கிறிஸ்தவ அறிஞர் அரியர். பார்த்தவர் தம் மகனை, அதேயோதாத்துஸை, வளர்த்த தந்தை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பெலாஜியுஸ் கண்ட உலகம் வேறு. அவர் உரோமாபுரியில் நெடுங்காலம் வாழ்ந்து பிரபுக் குடும்பங்களுக்கு நல்லுரை கூறியவர். துறவு வாழ்வினர், ஆயினும் எம்மடத்தையுஞ் சேராதவர். நான்காம் நூற்றாண்டின் இறுதியிற் கிறிஸ்தவம் அரச மதமாகியது. நேற்றுவரை கோயில்களுக்குப் பலியிட்டவர்கள் இன்று பதவிக்காகவும் மணவுறவுக்காகவும் கிறிஸ்தவராயினர். பெயரை மாற்றிக்கொண்டு வாழ்வை மாற்றாத இக்கூட்டத்தைக் கண்டு வெகுண்டவர் பெலாஜியுஸ். மனித பலவீனம் என்ற சாக்கு அவர் காதில் நாராசமாய் விழுந்தது. இறைவனே கட்டளையிட வேண்டும், இறைவனே அதனை நிறைவேற்றும் ஆற்றலையுந் தரவேண்டும் என்ற பொருள்பட 'ஒப்புதல்க'ளில் வரும் ஒரு மன்றாட்டை ஆயர் ஒருவர் உரோமாபுரியில் எடுத்துக்கூறியபோது, பெலாஜியுஸ் பொறுக்கமாட்டாது அவரோடு ஏறத்தாழச் சண்டைக்கே போய்விட்டார் என அகுஸ்தீனாரே பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

413 அளவில், அனீசியர் என்னும் பெருங்குடியிற் பிறந்த தெமெத்திரியாஸ் என்ற இளம்பெண் திருமணத்தைத் தவிர்த்துக் கார்த்தேஜிற் கன்னித்துறவு பூண்டாள். அக்குடியின் செல்வாக்கு எத்தகையதெனின், அவளுக்கு அறிவுரை எழுத ஜெரோம் முன்வந்தார், பெலாஜியுசும் முன்வந்தார், அகுஸ்தீனார் அவள் தாய்க்கு எழுதினார். பெலாஜியுஸ் எழுதிய மடல் அவருடைய கொள்கையைத் தெளிவாகக் காட்டுகின்றது. இயலாததை இறைவன் கட்டளையிடான். கட்டளை உண்டெனில் அதனை நிறைவேற்றும் ஆற்றலும் மனித இயல்பில் உண்டு. பாவம் இயல்பன்று, நெடுநாட் பழக்கத்தாற் படிந்த துரு. முயற்சியால் அதனை நீக்கலாம். இறையருள் என்பது யாது? சித்த சுதந்திரமும், திருச்சட்டமும், கிறிஸ்துவின் முன்மாதிரியும், ஞானஸ்நானத்திற் கிடைக்கும் மன்னிப்புமே இறையருள். ஒரு செல்வமகளைப் பார்த்து, உன் குலப்பெருமையும் உன் பணமும் பிறர் தந்தவை, உன் அறம் ஒன்றே உன்னுடையது என்று கூறுமிடத்துப் பெலாஜியுஸின் குரலிலுள்ள மிடுக்கை எவரும் உணரலாம்.

இக்கொள்கைக்குச் சமூகக் கூர்மையும் இருந்தது. பெலாஜிய வட்டாரத்தில் எழுந்த, ஆசிரியர் பெயர் தெரியாத நூலொன்று செல்வத்தைப் பற்றியது. சிலர் மிகையாக வைத்திருப்பதாலேயே பலர் இல்லாதவராயினர் என்று அது வெளிப்படையாக வாதிடுகின்றது. 414 அளவிற் சிசிலியின் சிரக்கூசிலிருந்து அகுஸ்தீனாருக்கு வந்த கடிதமொன்று, அங்குள்ள கிறிஸ்தவர் சிலர் இரண்டு கருத்துக்களைப் பரப்புவதாகத் தெரிவித்தது. ஞானஸ்நானம் பெறாது இறக்குங் குழந்தை அழிவுறாது என்பது ஒன்று. தன் உடைமைகளை விற்றுவிடாத செல்வன் இறையரசிற் புகான் என்பது மற்றொன்று. குழந்தைக்கு வாசல் திறந்தவர்களே செல்வனுக்கு அதனை அடைத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. அகுஸ்தீனார் இரண்டையும் மறுத்தார். செல்வத்தை வைத்துக்கொண்டு பணிவோடு தானஞ் செய்பவனுக்கும் திருச்சபையில் இடமுண்டு என்றார்.

இவ்விடத்திலேதான் இவ்விவாதத்தைப் பற்றிய வழக்கமான மதிப்பீடு தடுமாறுகின்றது. பெலாஜியுஸ் மனிதநேயர், அகுஸ்தீனார் மனிதனை இழித்தவர் என்று நவீன வாசகர் எளிதில் முடிவு செய்துவிடுகின்றனர். ஆனால் பெலாஜியுஸின் சபையில் வாழ்வது எளிதன்று. அங்கே தவறுவதற்குக் காரணமே இல்லை. ஆதலாற் தவறியவனுக்குச் சாக்கும் இல்லை. குடியை விடமுடியாதவனும், கோபத்தை அடக்கமுடியாதவளும், ஒவ்வொரு நாளும் விழுந்து எழும்பும் சாதாரண விசுவாசியும் அங்கே நிற்க இடமில்லை. அகுஸ்தீனாரின் சபையோ மருத்துவமனை போன்றது. நோயாளர் அங்கே நெடுங்காலம் படுத்திருக்கலாம். மீன்பிடி துறைமுகமான ஹிப்போவில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயராயிருந்து, வழக்குத் தீர்த்து, மக்களை அறிந்தவரின் கோட்பாடு அது. பீற்றர் பிரவுண் 1967இல் வெளியிட்ட அகுஸ்தீனார் வரலாறு இவ்வேறுபாட்டை நன்கு உணர்த்தியது. பெலாஜியுஸை அறிஞர் அனுதாபத்தோடு நோக்கும் போக்கு அதன் பின்னரும் வளர்ந்தே வந்துள்ளது. அலி பொன்னர் 2018இல் எழுதிய நூல், பெலாஜியுஸ்மீது சுமத்தப்பட்ட கொள்கைத் தொகுதியே எதிரிகளாற் கட்டியெழுப்பப்பட்டது என வாதிடும் அளவுக்குச் சென்றது.

ஆனால் வளர்ந்தவர்களுக்கு இரக்கங்காட்டிய அகுஸ்தீனாரின் கோட்பாடு அதற்கான விலையைக் குழந்தையிடம் அறவிட்டது. அவர் தம் வாதத்துக்குப் பெரிதும் துணைக்கொண்டது, பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனம். ஒரு மனிதனாற் பாவம் உலகிற் புகுந்தது, பாவத்தாற் சாவு புகுந்தது என்று கூறிச்செல்லும் பவுல், எல்லாரும் பாவஞ் செய்ததனாற் சாவு எல்லாரையும் பற்றியது எனும் பொருள்படக் கிரேக்கத்தில் முடிக்கின்றார். ஆபிரிக்காவில் வழங்கிய இலத்தீன் மொழிபெயர்ப்பு அவ்விணைப்புச் சொல்லை, அவனுக்குள் எல்லாரும் பாவஞ் செய்தனர் எனக் கொள்ளத்தக்கவாறு பெயர்த்திருந்தது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த, பெயரறியப்படாத ஓர் உரையாசிரியர் ஏற்கெனவே இவ்வசனத்துக்கு ஆதாமுக்குள் எல்லாரும் என்றே பொருள் கொண்டார். அகுஸ்தீனார் அவரைப் பின்பற்றினார். கிரேக்கத்தை அவர் அறியாதவரல்லர். ஆயினும் அது அவருக்கு இளமையிற் கசந்த மொழி. அவருடைய கோட்பாடு முழுவதும் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையின் விளைவு எனச் சிலர் கூறுவது மிகை. சிப்ரியான் கால வழக்கும் தம் சொந்த அனுபவமும் அவரை அங்கேயே கொண்டு சென்றிருக்கும். எனினும் கிரேக்க மூலத்தை நேரே படித்த கீழைத் திருச்சபையினர், ஆதாமிடமிருந்து சாவையும் சீர்கேட்டையும் மனிதன் பெற்றான் என ஏற்றபோதிலும், அவனுடைய குற்றத்தையே பெற்றான் என்ற கருத்தை இன்றுவரை ஏற்கவில்லை.

தமிழ்க் கத்தோலிக்க மரபில் இக்கோட்பாடு 'சென்மப் பாவம்' என்னும் பெயரால் வழங்கிவந்தது. மனிதன் தானே செய்யும் பாவம் 'கன்மப் பாவம்' எனப்பட்டது. சைவச் சூழலில் வளர்ந்தவர்க்குச் சென்மம், கன்மம் என்ற இரு சொற்களும் வேறொரு விடையை நினைவூட்டும். குழந்தை துன்புறுவது முற்பிறப்பின் வினையால் என்பது அவ்விடை. இவ்வழி அகுஸ்தீனாருக்குத் தெரியாததன்று. அலெக்சாந்திரிய அறிஞர் ஒரிகன், ஆன்மாக்கள் உடலுக்கு முன்பே இருந்து தவறிழைத்தன என்று மூன்றாம் நூற்றாண்டிற் கருதியிருந்தார். அகுஸ்தீனார் அதனை ஆராய்ந்து தள்ளினார். தாயின் வயிற்றிலிருந்த யாக்கோபும் ஏசாவும் நன்மையோ தீமையோ செய்திருக்கவில்லை என்று பவுல் கூறியிருக்க, முற்பிறப்புக்கு இடமேது என்பது அவர் வாதம். சைவ சித்தாந்தம் கூறும் ஆணவ மலத்தோடு இதனை ஒப்பிடுவாருமுளர். செம்பிற் களிம்பு போல ஆணவம் உயிரோடு அநாதியாக உள்ளது. அது எவர் செய்த குற்றத்தாலும் வந்ததன்று. அகுஸ்தீனார் கூறும் பாவமோ ஒரு நாளில், ஒருவனால், விரும்பிச் செய்யப்பட்டது. தீமையும் அநாதி என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால், இளமையில் ஒன்பது ஆண்டுகள் தாம் பின்பற்றிப் பின் துறந்த மாணிக்கேயத்துக்கே திரும்பியவராவார். ஆதலினாலேயே ஆதாமின் கதை அவருக்கு உவமையாக மட்டும் இருக்க முடியாது, வரலாறாக இருக்க வேண்டியதாயிற்று.

விவாதம் முடிவுற்ற விதம் சமய வரலாற்றிற் பெருமைக்குரியதன்று. 415இற் பலஸ்தீனத்தில் இரு சங்கங்கள் பெலாஜியுஸை விசாரித்தன. எருசலேமில் அவரைக் குற்றஞ்சாட்டிய ஒரோசியுஸ் கிரேக்கம் அறியாது மொழிபெயர்ப்பாளரை நம்பி நின்றார். பெலாஜியுசோ ஆயர்களோடு கிரேக்கத்திற் சரளமாக உரையாடினார். டிசம்பரில் தியோஸ்பொலிசிற் கூடிய பதினான்கு ஆயர்கள் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தனர். ஆபிரிக்க ஆயர்கள் விட்டபாடில்லை. 416இற் கார்த்தேஜிலும் மிலேவிலும் கூடிப் பாப்பரசர் முதலாம் இன்னொசெந்துக்கு முறையிட்டனர். 417 ஜனவரியில் அவர் பெலாஜியுஸையும் செலஸ்தியுஸையும் சபை உறவினின்று விலக்கினார், மார்ச்சில் இறந்துபோனார். அவர்பின் வந்த சோசிமுஸ், செலஸ்தியுஸை நேரில் விசாரித்தும் பெலாஜியுஸின் விசுவாச அறிக்கையைப் படித்தும், இவர்களிடத்து என்ன குற்றம் என்று ஆபிரிக்கர்களைக் கடிந்து எழுதினார். இரு பாப்பரசர் ஒரே ஆண்டில் இருவேறு திசையில் நின்ற இந்நிலையில், வழக்கு இரவென்னாவிலிருந்த அரண்மனைக்குச் சென்றது. 418 ஏப்பிரல் 30இற் பேரரசன் ஹொனோரியுஸ், பெலாஜியுஸையும் செலஸ்தியுஸையும் உரோமாபுரியினின்று வெளியேற்றுமாறு கட்டளை பிறப்பித்தான். மறுநாள், மே 1இல், கார்த்தேஜில் இருநூறுக்கு மேற்பட்ட ஆயர்கள் கூடிப் பெலாஜியக் கொள்கையைச் சபித்தனர். குழந்தைகளின் ஞானஸ்நானம் உண்மையாகவே பாவமன்னிப்புக்கானது என்பது அவர்கள் முதலில் வகுத்த விதிகளுள் ஒன்று. சோசிமுசும் அவ்வாண்டே தம் நிலையை மாற்றிக்கொண்டார். 418இன் பின்னர் பெலாஜியுஸ் வரலாற்றிலிருந்து மறைந்துவிடுகின்றார்.

சோசிமுஸ் அனுப்பிய கண்டனத்திற் கையொப்பமிட இத்தாலிய ஆயர் பதினெண்மர் மறுத்துப் பதவியிழந்தனர். அவர்களுள் இளையவரும் ஆற்றல் மிக்கவரும் எக்லானும் ஆயர் யூலியான். அவருடைய தந்தை அகுஸ்தீனாரின் நண்பர். அகுஸ்தீனார் தம் வாழ்நாளிற் சந்தித்த எதிரிகளுள் இவரைப் போல அவரை வருத்தியவர் எவருமிலர் எனலாம். ஆபிரிக்க ஆயர் அலீப்பியுஸ் எண்பது குதிரைகளை அரண்மனை அதிகாரிகளுக்குக் கையுறையாகக் கொண்டு சென்றார் என யூலியான் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். அகுஸ்தீனார் அதனை மறுத்தார். திருமணத்தைப் பாவம் கடத்தும் வாய்க்காலாக்கிய அகுஸ்தீனார் பழைய மாணிக்கேயரே என்றார். அவருடைய மற்றொரு வினா இவற்றினும் கூரியது. தன் சொந்த விருப்பால் எதுவுஞ் செய்திராத குழந்தையை நித்திய தண்டனைக்கு ஒப்படைக்கும் இறைவன் நீதிமானா? நீதியற்றவன் இறைவனாவது எங்ஙனம்?

அகுஸ்தீனார் இதற்கு அளித்த விடை அளவிற் பெரியது, திருப்தி தருவதன்று. குழந்தைகள் நோயாலும் பசியாலும் பேய்ப்பிடிப்பாலும் துன்புறுவதை உலகம் காண்கின்றது. இறைவன் நீதிமானெனின் அத்துன்பத்துக்குக் காரணமான குற்றம் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பக் கூறியது. துன்பத்திலிருந்து குற்றத்தை உய்த்துணரும் இவ்வாதத்தைப் படிப்பவர், நண்பர்கள் யோபுவுக்குக் கூறிய அறிவுரையையே நினைப்பர். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்குரிய தண்டனை எல்லாவற்றிலும் மிகமிக இலேசானது என்று 421 அளவில் அவர் எழுதினார். அதற்கப்பால் அவர் தளரவில்லை. ஆயினும் அவர் உள்ளம் இதிற் கல்லாயிருந்தது என்பதும் பொருந்தாது. 415இல் ஜெரோமுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், ஒவ்வோர் ஆன்மாவும் புதிதாகப் படைக்கப்படுகின்றதெனின் குழந்தைகளின் தண்டனைக்கு நியாயம் யாது என்று வினவி, இவ்விடத்தில் தாம் பெரும் இடுக்கணுக்குட்படுவதாகவும் விடை காணவியலாது தவிப்பதாகவும் ஒப்புக்கொண்டார். ஆன்மாவின் தோற்றம் பற்றி இறுதிவரை அவர் முடிவு கூறவில்லை. கோட்பாடு ஒன்றை நிலைநாட்டியவரே அதன் அடித்தளத்தில் ஒரு கல் குறைவதை அறிந்திருந்தார்.

430இல் வண்டாலியர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது, எழுபத்தைந்து வயதான அகுஸ்தீனார் யூலியானுக்கு மற்றொரு மறுப்புநூல் எழுதிக்கொண்டிருந்தார். யூலியானின் வாசகங்களை ஒவ்வொன்றாக எடுத்தெழுதி, அதன் கீழ்த் தம் விடையை எழுதிச் செல்வது அந்நூலின் முறை. ஆறாவது பகுதியோடு அது நின்றுவிட்டது. ஆகஸ்டு 28இல் அவர் இறந்தார். யூலியானின் வினாக்கள் இன்று கிடைப்பதற்குப் பெரிதும் காரணம் அவற்றை மறுக்க முயன்ற இம்முற்றுப்பெறா நூலே. பெலாஜியுஸின் எழுத்துக்கு வாய்த்த புகலிடம் இன்னும் விசித்திரமானது. அவர் பவுலின் திருமுகங்களுக்கு எழுதிய உரையும் தெமெத்திரியாசுக்கு எழுதிய மடலும், அவரைக் கஞ்சி குடித்துக் கொழுத்தவர் என்ற பொருளில் ஏளனஞ் செய்த ஜெரோமின் பெயரிலேயே இடைக்காலம் முழுவதும் பத்திரமாகப் படியெடுக்கப்பட்டன.

431இல் எபேசுச் சங்கம் செலஸ்தியுஸின் கொள்கையைக் கண்டித்தது. 529இல் ஒராஞ்சில் கூடிய சங்கம் அருளின் முதன்மையை ஏற்றபோதிலும், தீமைக்கென்றே இறைவன் சிலரை முன்குறித்தான் என்ற எண்ணத்தைத் தள்ளியது. பதினாறாம் நூற்றாண்டில் அகுஸ்தீனாரின் பெயர் தாங்கிய துறவற சபையைச் சேர்ந்த மாட்டின் லூதரும், 1546இல் அவரை எதிர்த்துத் தீர்மானம் இயற்றிய திரெந்துச் சங்கமும் ஆதிப்பாவம் பற்றி ஒரே ஆசானையே மேற்கோள் காட்டினர். குழந்தையின் தண்டனை மட்டும் நூற்றாண்டுதோறும் சிறிது சிறிதாக இலேசாகி வந்தது. இடைக்கால அறிஞர் துன்பமில்லாத ஓர் எல்லைப்புற இடத்தை அவர்களுக்கென வகுத்தனர். 1970இல் வெளிவந்த உரோமைத் திருப்பலி நூலில், ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைக்கான அடக்கத் திருப்பலிச் செபங்கள் இடம்பெற்றன. 2007இல் கத்தோலிக்க அனைத்துலக இறையியல் ஆணைக்குழு வெளியிட்ட ஆவணம், அக்குழந்தைகள் மீட்படைவர் என நம்பிக்கை கொள்வதற்குத் தக்க காரணங்கள் உள்ளன என்று கூறியது. உறுதியான அறிவு என்று அது கூறவில்லை. நம்பிக்கை என்றே கூறியது. அதே ஆவணம் அகுஸ்தீனாரின் கருத்தையும், அது பெலாஜியுஸுக்கு எதிராக எழுந்த சூழலையும் விரிவாக எடுத்துரைத்த பின்னரே அவ்விடத்துக்கு வந்து சேர்ந்தது. யூலியானின் பெயர் எந்தச் சங்கத்தாலும் இதுவரை கண்டனத்தினின்று விடுவிக்கப்படவில்லை.